போன மாத நிலை

கையேட்டின் பதினோராம் பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, கடைசி வரியை மறுபடி படித்தாள். கம்ப்யூட்டரின் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதியெடுத்து, வேண்டும்போது அப்படியே திருப்பிவைக்கும் மென்பொருள் கருவிக்கான கையேடு அது. கருவியை எழுதியவன் கணவன், விளக்கம் எழுதுவது அவள். "திருப்பிவைத்தால் டிஸ்க் பழைய நிலைக்கு வரும்" என்பதோடு பக்கம் முடிந்திருந்தது. பிரதி எடுத்த பிறகு சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும் என்று எழுதியிருந்தாளே, அந்த வரி எங்கே?

"நான்தான் எடுத்தேன். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ ஒண்ணுக்கு நாலா எழுதுவே" என்றான் கணவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

அவன் விரல்கள் அப்படியே நின்றன.

அடுத்த தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அக்கா, "கம்ப்யூட்டர் படுத்துதுடா, நீ எடுத்துவெச்ச பிரதியை வெச்சுப் போன மாச நிலைக்குக் கொண்டுபோயிடறேன்" என்று காலையில்தான் பென் டிரைவில் கருவியையும் அந்தப் பக்கத்தையும் வாங்கிப்போயிருந்தாள். நேற்றைய கல்யாணப் படங்கள் அதே டிஸ்க்கில். கேமரா கார்டை அன்றன்றைக்கே காலி செய்துவிடுவது அவள் வழக்கம்.

அக்காவுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை. மனைவி அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஸ்டூடியோவில் நாத்தனார் கன்னத்தில் கைவைத்துத் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! எதையும் தொடாதீங்க!"

"என்னடி, பேயா துரத்துது? 'தொடரலாமா?'ன்னு கேக்குது இது. எதைன்னு சொல்லாம கேட்டா எவ ஆமான்னு சொல்லுவா? உன் புருஷன் சின்ன வயசுலயும் இப்படித்தான். 'சரின்னு சொல்லுக்கா'ன்னு வந்து நிப்பான். எதுக்குன்னு வாயே திறக்கமாட்டான்."

விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் முகம் வெளுத்தது. "அந்தக் கல்யாணப் பொண்ணு மூஞ்சில நான் எப்படிடி முழிச்சிருப்பேன்?"

'இல்லை' என்று பதில் கொடுத்து நிறுத்தினார்கள். படங்களை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு. மூச்சிரைக்க வந்து வாசலில் நின்ற கணவனை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாத்தனார் முதல் படத்தைத் திறந்தாள், கடைசிப் படத்தைத் திறந்தாள், நடுவில் பத்து. பிறகு மறுபடி முதலிலிருந்து. கருவியை மீண்டும் ஓட்டியதும் அதே 'தொடரலாமா?' வந்து நின்றது.

"எல்லாம் இருக்கு. 'ஆமா'ன்னு அழுத்துங்க, அக்கா" என்றாள் அவள். ஆனாலும் நாத்தனாரின் தோளைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகிக்கொண்டே போனது.