இரண்டாம் மாடியில் ஏறிய கடல்

இத்தாலியின் பலேர்மோ நகரில், கால்சா என்ற கடலோரப் பகுதியில், பழைய மாளிகை ஒன்றின் இரண்டாம் மாடிக்கு அந்த வைகாசியில் கடல் ஏறியது. கீழ்த்தளத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வாசலில் எலுமிச்சை ஐஸ் விற்றவர் விற்றபடியே இருந்தார். மேலே ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லா நாட்டு அதிகாரிகளும் பொது மூலோபாயப் பண்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, எதைக் கண்டு சேர்ந்து அஞ்சுவது, எதற்குச் சேர்ந்து எழும்புவது என்பதை. கிழக்கத்தியாருக்கு ஆபத்து என்றால் டாங்கிகள். தெற்கத்தியாருக்குக் கடல். நடுவில் இருந்தவர்களுக்கு எரிவாயுக் குழாய். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோதும், அது யாருடைய தண்ணீர் என்பதில் அவர்களுக்குள் இணக்கம் வரவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து மொழிபெயர்த்தவள் றம்யா. முல்லைத்தீவில் பிறந்து, போர் முடிந்தபின் தாயோடு வந்து அதே நகரின் சீசாப் பகுதியில் வளர்ந்தவள். பிற்பகலில், வரைபடம் மாட்டியிருந்த சுவர் போய் அந்த இடத்தில் தொடுவானம் தெரிந்தது. அங்கிருந்து மிதந்து வந்த ரப்பர் படகொன்று மேசையில் முட்டி நின்றது. காற்றுப் போய்க்கொண்டிருந்த படகு, கொள்ளாத சனம். அதிலிருந்த ஒரு பெண் தன் குழந்தையை நீட்டினாள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஒரே கணத்தில் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு ஒற்றுமையை அந்த மண்டபம் அதுவரை கண்டதில்லை.

படகு இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை, அது எந்த நாட்டின் மீட்பு எல்லைக்குள் வருகிறது என்பதை உபகுழு ஆராயட்டும் என்றார் தலைவர். றம்யா அதை மொழிபெயர்க்கவில்லை. போரின் கடைசி நாட்களில் முல்லைத்தீவுக் கரையில் அவளும் அவளுடைய சனமும் கிடந்தபோதும் உலகம் இப்படித்தான் ஆராய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஷப்னம், திருநெல்வேலியில் இருந்து வந்த ஆய்வு மாணவி, அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்டி. வெளிய போனா உன் கான்ட்ராக்டைக் கிழிச்சிடுவாங்க."

"கிழிக்கட்டும். அவள் பிள்ளையை நீட்டுறாள், இவையள் காலைத் தூக்கிக்கொண்டு இருக்கினம். இதை நான் என்னெண்டு இத்தாலியனிலை சொல்லுறது?"

ஒலிவாங்கியை இழுத்துத் தமிழிலேயே கத்தினாள். "எழும்புங்கோ! சனம் தாழப்போகுது, கையைக் குடுங்கோ!"

ஒருவரும் எழும்பவில்லை. காதுக்கருவியில் சரியான மொழியைத் தேடிப் பொத்தானைத் திருகினார்கள். றம்யா கூண்டைத் திறந்து தொடையளவு தண்ணீரில் இறங்கினாள். குழந்தையை வாங்கி, திட்டிக்கொண்டே பின்னால் வந்த ஷப்னத்திடம் கொடுத்தாள். கயிற்றை மேசைக்காலில் கட்டினாள். படகில் இருந்தவர்கள் மேசைமேல் நடந்து படிக்கட்டை அடைந்தார்கள். அதிகாரிகள் தாள்கள் நனையாமல் உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

மாலையில் அறிக்கை எதிர்ப்பின்றி நிறைவேறியது. அதில் கடல் இல்லை. றம்யாவின் வேலையும் அன்றோடு போயிற்று.

கடல் வடியவில்லை. மறுவருடக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு வாசலில் ரப்பர் சப்பாத்துக் கொடுத்தார்கள். கபோ சந்தை மீன்காரர்கள் படியேறிப் போய் மத்தி பிடித்தார்கள். படகுகளும் வந்தன. படகு தென்பட்டால் கால்சாப் பெண்கள் சீசாவுக்குப் போன் எடுப்பார்கள். றம்யா "வாறன்" என்பாள். பஸ் பிடித்து வந்து, மாடியேறி, கூட்டம் நடக்கும் கதவைத் தட்டாமலே திறந்து கடலுக்குள் இறங்குவாள். அதிகாரிகள் பேச்சை நிறுத்தாமல், நாற்காலியைச் சற்று நகர்த்தி அவளுக்கு வழிவிடுவார்கள்.