நாலாவது கடைக்கான ஜெபம்

என் கணவருக்கு டைல்ஸ் கடை. ஒன்று மூன்றாகிவிட்டது. மனிதருக்குத் தூங்கும்போதும் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவது கடையைத் திறந்த அன்று, "இதோட போதும்டி, இனிமே வீடுதான்" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். அந்தக் கடையில் பெயின்ட் வாசனை போவதற்குள் நாலாவதற்கு இடம் தேட ஆரம்பித்துவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம். பதினான்கு வயதுதான். தானாகவே முடிவெடுத்து, போதகரிடம் போய்க் கேட்டவள். அப்பா கண்டிப்பாகப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டுமே அவள் ஆசை. "நிச்சயம் வர்றேன்டா செல்லம்" என்று சொல்லியிருந்தார். அவருடைய நிச்சயத்தின் லட்சணம் எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் பெரியவர் தொடங்கி, சின்னவர் முடிக்க வேண்டும். இவர் சோபாவின் நுனியில், வண்டிச் சாவியை உருட்டியபடி கண்ணை மூடினார். காதில் ஹெட்செட். கழற்றச் சொன்னால் கேட்டால்தானே!

"ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். எங்க தேவைகளையெல்லாம்... அதெல்லாம் முடியாது, உடைஞ்சதைத் திருப்பி அனுப்பிடு."

கடைசி வாக்கியம் போனில் இருந்த கிடங்குக்காரருக்கு. இவர் அசடு வழிந்து, அவசரமாக ஆமென் போட்டார். எரிச்சலில் நான் என்ன ஜெபித்தேன் என்று எனக்கே நினைவில்லை.

அடுத்தது மகளின் முறை. "இயேசப்பா, எங்க அப்பாவுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் சீக்கிரம் குடுத்து முடிச்சிடுங்க. நாலாவது கடையையும் குடுத்திடுங்க. அப்புறமாவது எங்ககூட உக்காருவாரு..."

ஆண்டவர் எங்களுக்கு எதில் குறை வைத்தார்? இந்த மனிதருடைய மனசுதான் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காத ஓட்டைக் குடம். இப்போதாவது உறைக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கித்தான் இருந்தது.

"கேட்டியா?" என்றார் என்னிடம், குரல் தழுதழுக்க. "நான் ஒரு அடையாளம் கேட்டுட்டே இருந்தேன். ஆண்டவர் நம்ம பொண்ணு வாயாலேயே சொல்லிட்டாரு!"

சொன்ன கையோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நாலாவது கடைக்குப் பார்த்திருந்த இடத்தின் சொந்தக்காரரிடம் போனில் பேசுவது உள்ளே வரை கேட்டது. "அண்ணே, இடத்தை நானே எடுத்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை காலைலயா? தாராளமா வர்றேன்."

மகள் கண்ணைத் திறக்கவே இல்லை. கோர்த்த கை கோர்த்தபடியே இருந்தது.

"நான் இன்னும் ஆமெனே சொல்லலம்மா" என்றாள்.