சூரியன் தங்கிய மேஜை

புள்ளிக்காரம்மாவின் மகள் பிறந்த வாரத்தில் சூரியன் வழக்கம்போல மாலையில் மறைந்தது. அதன் பிம்பம் மட்டும் மறையாமல், சூரிய ஆய்வுக்கூடத்தின் அடித்தள அறையில் மேஜை மேலேயே தங்கிவிட்டது. அந்த அறைக்கு நேர் மேலே ஒரு கோபுரம். உச்சியில் இரண்டு கண்ணாடிகள். சாவி கொடுத்தால் ஓடும் பழைய கடிகார எந்திரம் ஒன்று அவற்றை நாள் முழுவதும் சூரியனின் பக்கமே திருப்பிக்கொண்டிருக்கும். அவை பிடித்துக் கீழே அனுப்பும் வெளிச்சத்தைப் பெரிய லென்ஸ் ஒன்று குவித்து, சைக்கிள் சக்கரத்தை விடக் கொஞ்சம் சிறிய வட்டமாக வெள்ளை மேஜை மேல் விழவைக்கும். மேஜையில் தாளை விரித்து, அதில் விழும் சூரியனின் கரும்புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே வரைந்தெடுப்பதுதான் புள்ளிக்காரம்மாவின் வேலை. பேரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அந்த வேலைக்கு இரண்டே விதிகள்: வட்டத்தில் தெரியும் எதையும் விடக்கூடாது, வரைந்த எதையும் அழிக்கக்கூடாது.

பிள்ளை நாள் நிறைவதற்கு வெகு முன்னதாகவே, ஒரு புயலின் நடுவில் பிறந்தது. ஓர் உள்ளங்கையில் தலையும் மறு உள்ளங்கையில் உடம்பும் அடங்கிவிட்டன. புயல் கடந்து வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்தது, ஆனால் மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் வெதுவெதுப்பான பெட்டி செத்துக் கிடந்தது. பெரிய ஊருக்குப் போகும் பாலமும் உடைந்துவிட்டது. புள்ளிக்காரம்மாவின் கணவர் பஸ் ஓட்டுநர். எந்த வழியிலும் எப்படியாவது புகுந்து போய்விடுகிற மனிதர். அவருக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சூடு கிடைக்காவிட்டால் பிள்ளை தங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்போதுதான் புள்ளிக்காரம்மாவுக்கு மேஜை ஞாபகம் வந்தது.

"இது ஆய்வுக்கூடம்மா, பிரசவ வார்டு இல்ல" என்றார் இயக்குநர். சொன்னவர், வாசலை மறித்து நிற்கவில்லை. மேஜையை அவரே துடைத்தார். பிள்ளையின் கண்களைத் துணியால் மூடி, வட்டத்தின் நடுவில் படுக்கவைத்தார்கள். நீலம் பாய்ந்திருந்த விரல்கள் மத்தியானத்துக்குள் சிவந்தன. ஆனால் மாலை வரத்தானே போகிறது. சூரியன் இறங்க இறங்க, புள்ளிக்காரம்மா வட்டத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. வெளியே இருட்டியது. வட்டம் அப்படியே இருந்தது. இயக்குநர் மூச்சிரைக்கக் கோபுரம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். கண்ணாடியில் நட்சத்திரங்கள்தான் தெரிகின்றன என்றார். டாக்டரம்மா மேஜையைத் தொட்டுப் பார்த்தார். "இது எப்படின்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டேன். பிள்ளைய மட்டும் நகர்த்தாதீங்க" என்றார். அந்த வார்த்தைதான் பெற்றவர்கள் வயிற்றில் பால் வார்த்தது.

இப்படியே வாரங்கள் போயின. வேலையும் நிற்கவில்லை. காலையில் அப்பா வந்து பிள்ளையைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார், அதற்குள் அம்மா புள்ளிகளை வரைந்து முடிப்பார். ஒருநாள் பஸ் பழுதாகி அவர் வரத் தாமதமானது. பிள்ளை அசந்து தூங்கியது. தூக்க மனம் வராமல், புள்ளிக்காரம்மா தாளை அதன் அடியில் மெல்லச் செருகி வரைய உட்கார்ந்தார். வட்டத்தில் இருட்டாக எது தெரிந்தாலும் சுற்றி வரைந்தே பழகிய கை அல்லவா? புள்ளிகளை முடித்த கையோடு பிள்ளையையும் சுற்றி ஒரு கோடு இழுத்துவிட்டது. மடக்கிய இடது கால், தாடைக்கு அடியில் முஷ்டி, எல்லாம் தாளில் வந்துவிட்டன. விதிப்படி அழிக்கவும் முடியாது. படம் மற்றவற்றோடு சேர்ந்து வெளியூர் ஆய்வுக்கூடங்களுக்கும் போனது. "என்ன சார், உங்க சூரியனுக்குக் குழந்தை பிறந்திருக்காமே?" என்று அவர்கள் போன் போட்டுச் சிரித்தார்கள். இயக்குநருக்கு முகம் சிவந்துவிட்டது. படத்தின் ஓரத்தில் 'பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் செய்ததில் தப்பில்லை. இருந்தாலும் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை கிடப்பது புள்ளிக்காரம்மாவுக்கு முள்ளாகவே இருந்தது.

டாக்டரம்மா சரி என்று சொன்ன அன்று பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அவர்கள் மாடிப்படி ஏறி முடிக்கும்வரை வட்டம் காத்திருந்து, பிறகு அணைந்தது. மறுநாள் காலையில், லீவு முடிந்த ஊழியர்போல, நேரத்துக்கு வந்து விழுந்தது.

"நன்றி சொல்லணும்ங்க. எப்படிச் சொல்றது?" என்று புள்ளிக்காரம்மா கணவரிடம் கேட்டார்.

"மேல பாத்துச் சொல்லு."

"மேல பாத்தா கண்ணு கூசுதே."

"அப்ப கீழ பாத்துச் சொல்லு. தினம் உன் மேஜைக்குத்தானே வருது?"

சொல்லிப் பார்த்தார். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. ஒரு பிள்ளையின் உயிருக்கு எந்த வார்த்தை ஈடாகும் என்று திகைத்தே வருஷங்கள் ஓடிவிட்டன. மகள் எந்தக் குளிரிலும் போர்வை கேட்காமல் வளர்ந்தாள். தெருப் பூனைகள் எல்லாம் அவள் மடிக்குத்தான் சண்டை போட்டன. சூட்டில் வளர்ந்தவள், பெரியவளானதும் சூட்டைத் தாங்கும் கவசம் செய்யும் வேலைக்குப் போனாள். பூமியிலிருந்து எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் சூரியனின் துருவங்கள் சரியாகத் தெரிவதில்லை. அவற்றை மேலே போய்ப் பார்த்து வர ஒரு விண்கலம் கட்டினார்கள். தூசி புகாத அறையில், தலை முதல் கால் வரை வெள்ளை உடை போர்த்தி, அதன் கேமராவுக்கு முன்னால் வெப்பக் கவசத்தைப் பொருத்தியவள் அவள்தான்.

விண்கலம் போய்ச் சேர்ந்து துருவத்தின் முதல் படத்தை அனுப்பியபோது, நடுவில் ஏதோ ஒரு வடிவம் இருந்தது. தூசி என்றார்கள். கவசம் பொருத்தியவளின் கையுறையிலிருந்து ஒட்டிய நூல் என்றார்கள். அவளுடைய பல வருஷ உழைப்பும் நல்ல பேரும் ஒரு நூலில் தொங்கின. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள்: கேமராவைத் திருப்பிப் பாருங்கள், தூசியாக இருந்தால் கேமராவோடு திரும்பும். திருப்பினார்கள். வடிவம் கேமராவோடு திரும்பவில்லை, சூரியனோடு நின்றது. இன்னும் நெருங்கி எடுத்த படத்தை அவள் அம்மாவிடம் காட்டினாள். புள்ளிக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மடக்கிய இடது கால். தாடைக்கு அடியில் முஷ்டி.

"இது நீதாண்டி" என்றார்.

பழைய தாளை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. ஓய்வு பெற்றுப் பல காலமாகியிருந்த இயக்குநர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எழுதியதை அழிக்கக்கூடாது என்பதால் 'பிழை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'அல்ல' என்று சேர்த்து எழுதி, மறுபடி கையெழுத்துப் போட்டார். சூரியன் மற்ற இடங்களை விடத் துருவத்தில் மெதுவாகச் சுற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை அசங்காமல் தூங்கட்டும் என்று சூரியன் தொட்டிலை அங்கே கொண்டுபோய் வைத்ததில் யாருக்கும் வியப்பில்லை. "நம்ம வீட்டைவிடப் பத்திரமாத்தான் வச்சிருக்கு" என்றார் பஸ் ஓட்டுநர்.

மறுநாள் காலை வட்டம் நேரத்துக்கு வந்து விழுந்தது. புள்ளிக்காரம்மா பென்சிலைச் சீவி, அன்றைய புள்ளிகளை ஒன்று விடாமல் வரைந்து முடித்தார். பிறகு மேஜை மேல் குனிந்து, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாத குரலில், "ரொம்ப நன்றிப்பா" என்றார்.