தண்ணீர் ஊசி

ஞானம்மாவிடம் பொய் வலி செல்லாது என்பது கும்மிடிப்பூண்டி எவர்சில்வர் தகட்டு ஆலையில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷம் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாகக் காலம் தள்ளிவிட்டு, எழுபத்தாறாம் வருஷம் ஆலையின் முதலுதவி அறைக்கு வந்தவள் அவள். சேர்ந்த அன்றே மேனேஜர் துளசிராமன் கூப்பிட்டு, "சிஸ்டர், இங்க பாதிப் பேருக்கு வர்றது லீவு வலி. நீங்கதான் பிரிச்சுப் பாக்கணும்" என்றார். அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

முதுகுவலி என்று வருகிறவன் எதிரில் பேனாவைத் தவறவிட்டு, அவன் குனிந்து எடுக்கிறானா என்று பார்ப்பாள். வயிற்றுவலிக்காரனிடம் பேச்சோடு பேச்சாகக் காலையில் என்ன நாஷ்டா என்று கேட்பாள். நாலு இட்லி என்று வாய் தவறினால் தொலைந்தான். ஒருவன் சொல்வதை அப்படியே நம்புவதென்றால் அவளுக்குச் சொத்தை எழுதி வைப்பது மாதிரி.

ஆடிக்கிருத்திகைக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கு சுப்பிரமணி வந்தான். பள்ளிப்பட்டுக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரன். வீட்டில் பேசுவது தெலுங்கு. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தகடுகளை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை. வலது கையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"இன்னாய்யா?"

"மண்டுதம்மா."

"மண்டையா? வெயில்ல நின்னுக்கினு இருந்தியா?"

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினானா, இல்லை என்று ஆட்டினானா, அவள் கவனிக்கவில்லை. தலைவலி மாத்திரை ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் வந்து நின்றான். இந்தத் தடவை துண்டை அவிழ்த்து மூன்று விரல்களை நீட்டினான். "மண்டுதம்மா. ரொம்ப மண்டுது."

"காலைல மண்டைல இருந்த வலி இப்ப வெரலுக்கு எறங்கிடுச்சா? சாயங்காலம் எங்க போவுமாம், கால் கட்டை வெரலுக்கா?"

விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் இல்லை, கொப்புளம் இல்லை, சிவப்புகூட இல்லை. நுனி மட்டும் தண்ணீரில் ஊறினாற்போல் வெளுத்திருந்தது. ஈரத்துண்டைச் சுற்றினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அவள் கண் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போயிற்று.

"நாளைக்குக் கிருத்திகை. திருத்தணிக்குப் போறியா?"

அந்த வேதனையிலும் அவன் முகம் மலர்ந்தது. "ஆமாம்மா. வேண்டுதல் இருக்குது. காவடி."

அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுக்கொண்டான் என்று ஞானம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். அதற்கு அவளிடம் ஒரு கைப்பழக்கம் உண்டு. மருந்து கலக்குகிற வெறும் தண்ணீரை ஊசியில் இழுத்து, "இதப் போட்டா நொடியில நின்னுடும்" என்று சொல்லிக் குத்திவிடுவாள். நிஜ வலி தண்ணீருக்கு அடங்காது. அடங்கிவிட்டது என்று சொல்கிறவன் நடிக்கிறான். அவள் கணக்கு அது.

சுப்பிரமணியின் புஜத்தில் தண்ணீரைப் போட்டாள். ஐந்து நிமிஷம் உட்காரவைத்தாள். பிறகு, அதுவரை காட்டாத சிரிப்பைக் காட்டி, "இப்ப எப்படிக்குது?" என்று கேட்டாள்.

இவ்வளவு பெரிய நர்ஸம்மா தனக்கென்று ஊசி போட்டு, சிரித்த முகமாகக் கேட்கிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? "கொஞ்சம் தேவலாம்மா" என்றான்.

"யோவ், வெறும் தண்ணிய்யா அது! யார்கிட்ட வந்து டபாய்க்கிற? மரியாதையா வேலையப் பாரு. இல்லாட்டி மேனேஜருக்கு எழுதி அனுப்பிடுவேன்."

அவன் ஊசியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். ஞானம்மா அன்றைக்குச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டாள்.

நாலு மணிக்கு டாக்டர் அனந்தபத்மநாபன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வாரம் இரண்டு நாள் ஆலைக்கு வருகிறவர், திருவள்ளூர்க்காரர். காபியை நீட்டியபடி ஞானம்மா அன்றைய வேட்டையைச் சொன்னாள். "வெரல நீட்டிக்கினு 'மண்ட, மண்ட'ங்கறான் சார். பேஜாரு புடிச்சவன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "மண்டையா, மண்டுதுன்னானா?"

"மண்டுதுன்னு இன்னாவோ சொன்னான்."

"தெலுங்கும்மா அது. எரியுதுன்னு அர்த்தம். எந்த செக்‌ஷன்ல இருக்கான்?"

"ஆசிட் தொட்டில."

காபி மேஜையில் சிந்தியது. டாக்டர் எழுந்தே விட்டார். "தொட்டில ஊத்துற ஆசிட்டுல ஒண்ணு தோல்ல காயமே காட்டாது ஞானம்மா. உள்ள எறங்கி எலும்பைத் தின்னும். கையுறையில ஒரு பொத்தல் போதும். வெரல் போயிடும். அவன உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. கால்சியம் ஊசிமருந்து எவ்வளவு இருக்கோ எல்லாத்தையும் எடுத்து வைங்க."

இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத்தான் சுப்பிரமணியைக் கொண்டுவந்தார்கள். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. ஞானம்மா ஓடிப்போய் அவனை நாற்காலியில் உட்காரவைத்தாள். ஆனாலும், இவன் மத்தியானமே இப்படி வந்திருக்கலாமே என்று அந்த நேரத்திலும் ஓர் எண்ணம் ஓடியது. அப்படி ஓடியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"மரத்துப்போறதுக்குப் போட்டுடலாமா சார்?" என்றாள்.

"கூடவே கூடாது. எரிச்சல் எங்க இருக்கோ அங்க ஆசிட் இருக்கு. அது நிக்கிற வரைக்கும் கால்சியம் போடணும். நின்னுடுச்சான்னு அவன் வாயாலதான் தெரியணும். எனக்கு வேற வழி கிடையாது."

மூன்று விரல்களிலும் மெல்லிய ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றினார். பிறகு கேட்டார்: "சொல்லுப்பா, எரியுதா, நின்னுடுச்சா?"

சுப்பிரமணி உதட்டை இன்னும் இறுக்கிக் கடித்தான்.

"வாயத் தொறந்து சொல்லுப்பா. நேரம் போகுது."

சுப்பிரமணி டாக்டரைப் பார்க்கவே இல்லை. ஞானம்மாவின் கையிலிருந்த அடுத்த ஊசியையே பார்த்தான். "இதுவும் தண்ணியாம்மா?" என்றான்.

டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். தண்ணீர் ஊசி சமாசாரத்தை அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"எரியுதுன்னா பொய்யின்றீங்க," என்றான் சுப்பிரமணி, தட்டுத்தடுமாறிய தமிழில். "தேவலான்னாலும் பொய்யின்றீங்க. நா இன்னாதாம்மா சொல்லணும்? நீங்களே சொல்லிடுங்க, அதச் சொல்றேன்."

ஞானம்மாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஊசியைத் தட்டில் வைத்தாள். அவன் முன்னால் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பொய் சொன்னது நானுய்யா. தண்ணிய மருந்துன்னு சொன்னேன். நீ ஒண்ணுகூடப் பொய் சொல்லல." கால்சியம் மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து அவனுடைய இடது கையில் வைத்தாள். "இந்தா, உன் கண்ணு முன்னாடி ஒடச்சி எடுக்கறேன். நீ எரிச்சல் இருக்குதுன்னா இருக்குது. இல்லன்னா இல்ல. நான் எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். ஒவ்வொரு விநாடியும் விரலைத் தின்றுகொண்டிருந்தது. அவளால் அவசரப்படுத்த முடியவில்லை, அந்த உரிமையை மத்தியானமே தொலைத்துவிட்டாள்.

கடைசியில் சொன்னான். "நடுவெரல்ல லேதம்மா. நின்னுடுச்சி. மத்த ரெண்டுலயும் இருக்குது."

"எவ்ளோ?"

"நெறய."

"ரெண்டு வெரல்ல நெறய இருக்குது சார். போடுங்க," என்றாள் ஞானம்மா.

இன்னும் நாலு தடவை போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னான், அவள் அப்படியே எடுத்துச் சொன்னாள். ஆறு மணிக்கு மோதிர விரலும் அடங்கியது. சுட்டுவிரலுக்கு மட்டும் நேரம் கடந்துபோயிருந்தது. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அதன் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று.

கட்டு மாற்ற ஆலைக்கு வந்தவன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். துணியைப் பிரித்துக்கொண்டிருந்த அவளை ஏறிட்டுப் பார்க்காமல், "அம்மா, சொன்னா சிரிப்பீங்க," என்றான். "எடுத்துட்டாங்களே, அந்த நுனிதாம்மா எரியுது."

வெட்டி எறிந்த இடத்தில் எரிச்சல். ஞானம்மா தன் ஆயுளில் கேட்டிராத புகார் அது. பேனாவை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"எவ்ளோ எரியுது, சொல்லு," என்றாள்.