வேறொருவர் வகுப்பு

பிரிஜிட் மூன்று வருடமாக வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பட்டப்படிப்பு படித்துவந்தாள். சுங்கை ஊடாங் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து கணினியைத் திறந்தால், செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் பெயர் சொல்லி வரவேற்கும். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் விளக்கும். கூடப் படித்த நாற்பது பேரும் அவளுக்குத் திரையில் வெறும் பெயர்கள்தான்.

ஒரு சனிக்கிழமை ஏதோ பாரத்தில் கையெழுத்துப் போட ஆயர் குரோவிலுள்ள பல்கலைக்கழகத்துக்குக் காரில் போனாள். வேலை முடிந்து காருக்குத் திரும்பும் வழியில் ஒரு வகுப்பறை திறந்து கிடந்தது. ஆசை தாங்காமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மாணவர்கள் வந்து நிறைந்தார்கள்.

"இங்க ஆளு இருக்காக்கா?" என்று ஒரு பெண் பக்கத்து நாற்காலியைக் காட்டிக் கேட்டாள்.

"இல்லம்மா, உக்காரு."

விரிவுரையாளர் வந்தார். அது அவள் படிக்கும் பாடமே இல்லை. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

பாதி வகுப்பில் அந்தப் பெண் அவள் பக்கம் சாய்ந்து, "ஒண்ணுமே புரியல லா" என்று முணுமுணுத்தாள்.

"எனக்கும்தான்," என்றாள் பிரிஜிட். இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் காரில் உட்கார்ந்து தன் வகுப்புக் குழுவுக்கு எழுதினாள்: "அடுத்த சனிக்கிழம நேர்ல பாக்கலாமா?"

சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒருத்தி மட்டும் பதில் போட்டாள்: "எத்தன மணிக்கி?"