சம்பந்திக்கு ஐந்து கதிரை

சம்பந்தி வீட்டார் பார்சலோனாவிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் கத்தரீனா செய்த முதல் வேலை, இருந்து சாய ஒரு மெத்தைச் செற்றி வாங்கிப் போட்டதுதான். குருநகரில் அவர்களுடைய ஒழுங்கையில் அப்படியொரு செற்றி வேறு வீட்டில் இல்லை. அவ்வளவு மெத்து, தரையோடு ஒட்டினாற்போல அவ்வளவு பதிவு. கணவர் அடைக்கலநாதன் கடற்றொழிலுக்குப் போய்வந்த களைப்பில் ஒருநாள் அதில் சாய்ந்துவிட்டு, எழும்ப வழியில்லாமல் மகள் லவீனாவைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுக்கச் சொன்னார்.

"சேத்துக்குள்ள இறங்கின மாதிரிக் கிடக்கப்பா" என்றார்.

"உங்களுக்கென்ன தெரியும்? வெளிநாட்டுச் சனம் உப்பிடித்தான் இருக்கும்" என்றாள் கத்தரீனா.

மகன் கிறிஸ்ரோபர் பார்சலோனாவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம். அங்கே ஒரு உணவகத்தில் சமையற்காரன். நூரியா என்ற அந்த ஊர்ப் பெண்ணை விரும்பினான். கல்யாணம் குருநகர் யாகப்பர் கோயிலில்தான் நடக்கவேண்டும் என்று நூரியாவே சொன்னாளாம். அதைக் கேட்ட நாளே கத்தரீனா மருமகளை ஏற்றுக்கொண்டுவிட்டாள். சிக்கல் வந்தது மருமகளின் தாயோடு.

தாயின் பெயர் ரோசெர். கணவனை இழந்தவள், நல்ல உயரம், வெட்டிவிட்ட நரைமுடி. வந்த அன்று நூரியா செற்றியில் தொப்பென்று இருந்து பலகாரத் தட்டைக் காலியாக்கினாள். ரோசெர் இருக்கவில்லை. செற்றியை ஒரு விரலால் அமத்திப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், சிரித்தாள். முக்கால் மணித்தியாலம் நின்றபடியே பாதித் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஓட்டோ பிடித்து ஹோட்டலுக்குப் போய்விட்டாள்.

"பாத்தீங்களோ? தொட்டுப் பாத்திட்டு இருக்காமல் போறா. எங்கடை வீட்டில இருந்தால் அவவின்ரை மரியாதை குறைஞ்சு போமாக்கும்" என்றாள் கத்தரீனா.

"பயணக் களைப்பா இருக்கும்" என்றார் அடைக்கலநாதன்.

"களைச்ச ஆள் இருக்கிறதெல்லோ? ஆர் நிப்பினம்?"

கல்யாண நேரத்தில் மகன் மனம் நோகக்கூடாது என்று கத்தரீனா அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கையில், பதிவு அலுவலாகக் கிறிஸ்ரோபரும் நூரியாவும் லவீனாவும் அரசாங்கக் கச்சேரிக்குப் புறப்பட்டார்கள். ரோசெரை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

"ரெண்டு மணித்தியாலம்தான் அம்மா, சமாளியுங்கோ" என்றான் மகன்.

"என்ன பாசையில சமாளிக்கிறது?" என்று கத்தரீனா கேட்பதற்குள் ஓட்டோ திரும்பிவிட்டது. ரோசெருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கத்தரீனாவுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவள் குசினிக்குள் புகுந்து, கழுவின சட்டியையே திரும்பவும் கழுவத் தொடங்கினாள். இடையிடையே கதவால் எட்டிப் பார்த்தாள். ரோசெர் யன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். பிறகு மற்றக் காலுக்கு மாறினாள். முகம் வெளிறியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துத் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பில் ஒரு சொல் கத்தரீனாவின் காதில் தெளிவாக விழுந்தது.

"...கதீரா..."

கத்தரீனா சட்டியைக் கீழே வைத்தாள். ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"கதிரையோ? கதிரை வேணுமோ உங்களுக்கு?"

ரோசெர் திரும்பினாள். "கதீரா?" என்றாள், நம்ப முடியாதவள்போல.

"ஓம், கதிரை!" கத்தரீனா குசினிக்குள் ஓடிப்போய்த் தான் தேங்காய் உரித்துக் களைத்தால் இருக்கிற பழைய மரக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரோசெர் அதன் முதுகைப் பிடித்து மெல்ல இருந்தாள். அப்பாடா என்றொரு மூச்சு வந்தது. அந்த மூச்சுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பிறகு கதிரையைத் தட்டித் தட்டிக் காட்டி, "கதீரா!" என்றாள். "கதிரை!" என்றாள் கத்தரீனா. இருவரும் மாறி மாறி நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்த்ததும் அப்போதுதான்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. ரோசெருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. செற்றியைக் காட்டிக் கையை விரித்தாள். தன் வலப்பக்க இடுப்பைத் தட்டினாள். "கதேரா, கதேரா!" என்றாள்.

இன்னொரு கதிரை கேட்கிறாள் என்று கத்தரீனா நினைத்தாள். காலை நீட்டி வைக்கவாக்கும். முற்றத்திலிருந்த பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். ரோசெர் தலையை ஆட்டி, இன்னும் பலமாக இடுப்பில் தட்டி, "கதேரா!" என்றாள். கத்தரீனா மூன்றாவதைக் கொண்டுவந்தாள். அதற்கும் அதே பதில். வீட்டில் கதிரை முடிந்துவிட்டது. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெர்னடெட்டைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, ரெண்டு கதிரை தா! சம்பந்திக்குப் போதுதில்லையாம்!"

பெர்னடெட் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "எத்தினை பேர் வந்திருக்கினம் அக்கா?"

"ஒராள்தான்."

கல்யாணப் பூசைக்குப் பாட்டு ஒழுங்கு கேட்க மோட்டார்சைக்கிளில் வந்த யாகப்பர் கோயில் பாதர் செபநாயகம் கண்டது இந்தக் காட்சியைத்தான். நடுவில் ரோசெர், அவளைச் சுற்றி நாலு வெறுங்கதிரை. அவள் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள், கத்தரீனா வேர்த்து விறுவிறுத்து நின்றாள். பாதர் உரோமாபுரியில் ஆறு வருடம் படித்தவர். அவருடைய இத்தாலிய மொழியும் ரோசெரின் ஸ்பானியமும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. இரண்டு நிமிடம் கேட்ட பாதர் தானும் ஒரு கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினார்.

"அக்கா, அவ கதிரை கேக்கேல்லை. இடுப்பு எண்டு சொல்லுறா."

"இடுப்போ?"

"அவவின்ரை வீட்டில கதைக்கிறது கத்தலான். அதில கதிரைக்குக் கதீரா. வெளியாக்களோடை ஸ்பானியம். அதில கதேரா எண்டால் இடுப்பு. போன வருசம் வலது இடுப்பில சத்திரசிகிச்சை செய்து உலோகம் வைச்சிருக்கு. பதிவான ஆசனத்தில இருந்தால் எழும்பேலாதாம்."

கத்தரீனாவுக்குச் செற்றியைப் பார்க்க முடியவில்லை. கிறிஸ்ரோபருக்கு இது முழுக்கத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்றுதான் அவனுக்குத் தோன்றவில்லை.

"அதென்ன பாதர், கதிரைக்கும் இடுப்புக்கும் ஒரே சொல்லு?" என்றாள் பெர்னடெட்.

"கிரேக்கரிட்டை கதெத்ரா எண்டு ஒண்டு இருந்தது, இருக்கிற இடம் எண்டு அர்த்தம். உரோமர் அதை எடுத்தவை. போத்துக்கீசற்றை வாயில அது கதெய்ரா. அவங்கள் இஞ்ச கப்பலால இறங்கேக்கை விட்டிட்டுப் போனதுதான் எங்கடை கதிரை. இங்கிலீசுக்காரன்ரை செயாரும் உதே சொல்லுத்தான். பிரெஞ்சுக்காரற்றை வீட்டுப் பக்கத்தாலை சுத்திப் போனதில முகம் மாறிப் போச்சு."

"அப்ப பெரியகோயிலைக் கதீட்றல் எண்டுறது?"

"ஆயற்றை கதிரை இருக்கிற கோயில். அவ்வளவுதான். ஜேர்மன்காரரிட்டை அது வாத்தியார் நிண்டு படிப்பிக்கிற மேடை."

"இருக்கேலாத கதிரையோ? என்ரை தம்பி இருபது வருசமா ஜேர்மனியிலதான். ஒரு நாளும் சொல்லேல்லையே!" என்றாள் பெர்னடெட்.

"ஸ்பானியத்தில அந்தச் சொல் கதிரையை விட்டு எழும்பி, அதில இருக்கிற ஆளின்ரை இடுப்பில ஏறிட்டுது."

எல்லாரும் சிரித்தார்கள். கத்தரீனா மட்டும் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"பாதர், ஒண்டு சொல்லுவீங்களோ அவவுக்கு? பெரிய ஆள், எங்கடை வீட்டில இருக்க மனமில்லாமல் போட்டா எண்டு நான் பிழையா நினைச்சிட்டன்."

பாதர் சொன்னார். ரோசெர் நெற்றியில் கையை வைத்து நீளமாக ஏதோ சொன்னாள்.

"தன்னைப் பிடிக்காமல்தான் நீங்கள் குசினிக்குள்ளயே நிக்கிறியள் எண்டு அவ நினைச்சாவாம். பெரிய ஆளெல்லாம் இல்லையாம். முப்பது வருசம் சந்தையில மீன் வித்தவவாம். ஈரச் சீமெந்தில நிண்டு நிண்டுதான் இடுப்புப் போனதாம்."

"மீனோ!" என்றாள் கத்தரீனா. அவளுடைய தாயும் பாசையூர்ச் சந்தையில் மீன் விற்றவள்தான். அவள் போய் ரோசெரின் இரண்டு கையையும் எடுத்துப் பார்த்தாள். விரல்களில் கத்தி பட்ட பழைய தழும்புகள் வெள்ளை வெள்ளையாக இருந்தன.

பாதர் போனபின் இருவரும் இரண்டு பாசைக்கும் ஒத்துவரும் சொற்களை வீடு முழுக்கத் தேடினார்கள். அலுமாரி பொருந்தியது. கோப்பையும் பொருந்தியது. சப்பாத்துக்கு ரோசெர் கைதட்டினாள். யன்னலுக்கு மட்டும் அவள் வேறேதோ சொன்னாள், கத்தரீனா உதட்டைப் பிதுக்கினாள். பிள்ளைகள் திரும்பி வந்தபோது இரண்டு தாய்மாரும் குசினியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். ரோசெரின் கத்தி கத்தரீனாவின் கத்தியைவிட வேகமாக ஓடியது.

"அம்மா, என்ன நடந்தது?" என்றான் கிறிஸ்ரோபர்.

"உன்னோடை பிறகு கதைக்கிறன். முதல்ல ஹோட்டலுக்குப் போய் சம்பந்தியின்ரை பெட்டியை எடுத்துக்கொண்டு வா."

அடைக்கலநாதன் அன்று பின்னேரமே கட்டில் கால்களுக்குக் கீழே கல் அடுக்கி உயர்த்திக் கொடுத்தார். விடிந்ததும் ரோசெர் அவரோடு இறங்குதுறைக்குப் போனாள். ஏலம் கூறுகிறவர் நீட்டிய மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தாள். துறையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். அடுத்த பெட்டியிலிருந்து அவள் எடுத்த விளைமீன்தான் அன்று வீட்டுச் சாப்பாடு.

கல்யாணம் மழைத் தூறலோடு நடந்து முடிந்தது. நூரியா கூறைச் சேலையில் இரண்டு தரம் தடக்கினாள், இரண்டு தரமும் கிறிஸ்ரோபர் பிடித்தான். படம் எடுக்கும்போது ரோசெர் கத்தரீனாவைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். ரயிலேறும்போது கத்தரீனாவையும் தன்னையும் மாறி மாறிக் காட்டி, "பார்சலோனா" என்று சொல்லி, வா, வா என்று கையால் கூப்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துக் கத்தரீனா கடவுச்சீட்டுப் படம் எடுக்கத் தேவராசாவின் ஸ்ரூடியோவுக்குப் போனாள்.

"பல்லுத் தெரியக்கூடாது அக்கா. திருப்பி அனுப்பிப் போடுவினம்."

"சரி தம்பி, எடு."

தேவராசா மூன்று தரம் எடுத்தான். மூன்றிலும் பல் தெரிந்தது.