சிங்கவாய்க் குழாய்

திருவேற்காட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்தக் கிராமத்துக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது சிங்கவாய்க் குழாய்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கல்தொட்டி. மேலே சிங்கத்தின் வாயிலிருந்து குடிதண்ணீர் கொட்டும். எந்தக் கோடையிலும் வற்றாதாம். ஆடி மாதம் அம்மனுக்கு அந்தத் தண்ணீரில்தான் கூழ் காய்ச்ச வேண்டும். கேன் தண்ணீர் ஊற்றினால் தெய்வக்குற்றம்.

உண்மையில் அங்கே கொட்டுவது புஷ்பா வீட்டுத் தண்ணீர்.

ஏரிக்கரையில் ஃபிளாட்டுகள் வந்து, சிங்கத்துக்குத் தண்ணீர் தந்த ஊற்றுக்கிணறு மூடிப்போன வருடம், கோயில் தர்மகர்த்தாவாக இருந்த அவள் கணவன் தினகரன், ஊர் கலங்கிவிடும் என்று பயந்து தன் வீட்டு போர்க்குழாய்க் கிணற்றிலிருந்து மண்ணுக்கடியில் பைப் போட்டுச் சிங்கத்தோடு இணைத்தான். "இந்த ஆடி போவட்டும் புஷ்பா, அப்பால சொல்லிக்கலாம்" என்றான். சொல்லாமலே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். மகராசன், ரகசியத்தைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டுப் போனான்.

இப்போது அந்தக் கிணறும் வற்றிக் கையை விரித்துவிட்டது. லாரித் தண்ணீரை வாங்கி வீட்டுத் தொட்டியில் நிரப்பி, விடிந்ததும் மோட்டாரைப் போடுகிறாள். ஓசூரில் இருக்கும் மகள் திவ்யா, "ஊட்ட வித்துட்டு வந்துடும்மா" என்று போனில் அழுகிறாள். புஷ்பாவுக்கும் ஆசைதான். ஆனால் வாங்குகிறவன் தரையைத் தோண்டினால் குட்டு உடைந்துவிடும். செத்த மனிதனை ஊரே காறித் துப்பும். ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூட வெளியூர் போய்த் தங்க முடியாமல் அவளுக்கு மூச்சு முட்டியது.

கடைசியில் துணிந்துவிட்டாள். கூழ் வார்ப்பதற்கு முந்தின நாள், குழாயடியில் குடம் வைத்திருந்த வேம்புலியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது கோயில் காரியமெல்லாம் வேம்புலியம்மாள் கையில்தான்.

"இன்னாடி புச்சா சொல்ற? உன் ஊட்டாண்ட லாரி வந்தாதான் சிங்கம் துப்பும்னு ஊருக்கே தெரியும்" என்றாள் வேம்புலியம்மாள்.

புஷ்பாவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சிரிப்புகூட வந்தது. "அப்போ ஊட்ட வித்துட்டு எம்பொண்ணாண்ட போயிடட்டாக்கா?"

"போறியா? நீ பூட்டா ஆத்தாளுக்குத் தண்ணி ஏது? உம்புருசன் செத்தன்னிக்கே ஊர்ல பேசி வச்சிட்டோம். உன் ஊட்ட எவனும் வாங்க மாட்டான், வாங்க உடவும் மாட்டோம்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நாளைக்குக் கூழுக்குத் தண்ணி நெறைய வோணும். லாரிக்காரனாண்ட சொல்லி வையி."

புஷ்பாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகம் கழுவக்கூட அந்தக் குழாயைத் தொடப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் லாரிக்காரனுக்குப் போன் போட்டாள்.